மாப்பிள்ளை சொன்ன டெரிஃபிக்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் காக்களூர்ப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் கடைசி அது. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற எங்கள் குடும்பத்துக்கு அந்த உத்தியோகமே கொஞ்சம் இறக்கம்தான். ஆனால் ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. நான் பாடி முடித்ததும், "டெரிஃபிக்" என்றார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. சொஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா அப்பாவுக்கு? சமஸ்கிருதத்தில் ஊறியவர், எந்தச் சொல்லையும் வேர்வரை தோண்டாமல் விடமாட்டார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தலையணை அகராதியை இறக்கினார். லத்தீனில் டெர்ரேரே என்றால் பயமுறுத்துவது, ஃபாசெரே என்றால் செய்வது. ஆக, கேட்டவனைக் கதிகலங்க வைப்பது. இப்போது பிரமாதம் என்ற பொருளிலும் வழங்குவதாகக் கீழே போட்டிருக்கிறதே என்று காட்டினேன். ஜனங்கள் வாய்க்கு வந்தபடி பேசினால் வேர் மாறிவிடுமா என்று ஒரே போடாகப் போட்டார். பெண்ணின் பாட்டைப் பயங்கரம் என்றவன் சம்பந்தமே வேண்டாமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றோ செத்துப்போன ஒரு பாஷைக்காக என் கல்யாணம் நிற்பதா? அம்மாவிடம் சண்டை போட்டேன். சமையலறைப் பாத்திரங்களை உருட்டினேன். அந்தச் சத்தம் தாங்காமல்தான், பையனையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று அப்பா இறங்கி வந்தார்.

ஷிப்ட் முடிந்து நேராக வந்தார் அவர், சட்டையெல்லாம் எண்ணெய். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா லத்தீன் பாடம் நடத்தினார். கதவுக்குப் பின்னால் நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிரமாதம் என்றுதான் சொன்னேன் என்று இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா?

அவர் சொன்னது வேறு. "பாட்டு நன்னாத்தான் இருந்தது மாமா. ஆனா நீங்க சொல்றதும் சரிதான், பயமாத்தான் இருந்தது. இப்படிப் பாடற பொண்ணு, லேத் ஓட்டிக்கினு இருக்கற என்னை வேண்டாம்னுட்டா இன்னா பண்றதுன்னு."

அந்த 'இன்னா' பட்டறையில் ஒட்டிக்கொண்டது. மற்ற நாளாக இருந்தால் அப்பா முகம் சுளித்திருப்பார். தன் லத்தீன் ஜெயித்த பூரிப்பில் அதைக் கண்டுகொள்ளாமல் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஜாதகம் பார்த்தார்கள், அகராதி பார்த்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தோன்றியிருந்தது. அப்பா தேதி சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு வந்து, எனக்குச் சம்மதம் என்று அவரிடமே சொன்னேன்.