மகளின் கம்பனியில் ஒரு பங்கு

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வளவில் நின்றபோது என் மச்சானிடம் மெல்லச் சொன்னேன், நான் ஒரு பங்கு எடுக்கப்போகிறேன் என்று.

மச்சான் தாழ்வுபாடு என்கிற மீன்பிடிக் கிராமத்தில் வள்ளம் வைத்திருப்பவர். சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், எங்கட சுவாமியோட உமக்கு என்ன பிரச்சினை? பேசித் தீர்க்கலாம்தானே. அதுக்காகப் பங்கு மாறுறதோ?" என்றார்.

மன்னாரில் கத்தோலிக்கருக்குப் பங்கு என்றால் முதலில் கோயில்தான். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சுவாமி, அதாவது குருவானவர், ஒரு சபை, ஒரு திருநாள். நான் கோபித்துக்கொண்டு அடுத்த கோயிலுக்குப் போகப்போகிறேன் என்று மனிதர் நினைத்துவிட்டார். அது இல்லை, இது லாபத்தில் கிடைக்கிற பங்கு என்றேன். உடனே அவருக்கு இரண்டாவது அர்த்தம், வள்ளத்துப் பங்கு, ஞாபகம் வந்தது. ஆருடைய வள்ளத்தில, இந்த வயதில் கடலுக்குப் போகப்போகிறீரோ என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஷெயார் என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. "அதை முதலே தமிழில சொல்லியிருக்கலாமே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சரி... பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கிற ஒருவனுக்கு இந்த வயதில் எதற்கு ஷெயார்?

என் மகள் ஜெனிற்றா கனடாவில் ஒரு பெரிய தொழில்நுட்பக் கம்பனியில் வேலை செய்கிறாள். பெயர் வேண்டாம். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிற போனைக் கொஞ்சம் தோண்டினால் அந்தக் கம்பனியின் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். அதில்தான் எனக்கு ஒரு பங்கு வேண்டும் என்று ஆசை வந்தது. பணக்காரனாகிற ஆசை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், வாங்குவது எப்படி? இலங்கையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனியின் பங்கு வாங்குவது போனைத் தட்டி முடிக்கிற காரியம் இல்லை. வங்கியில் அதற்கென்று தனிக் கணக்கு திறக்க வேண்டும். அதன் வழியாகத்தான் காசு வெளியே போகும். பிறகு ஒரு தரகர் வேண்டும். வங்கிப் பிள்ளை நல்ல பொறுமைசாலி. நான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். கொழும்புக்கு அனுப்பிப் பதில் வரக் கொஞ்ச நாள் எடுக்கும், அதுவரை கம்பனியைப் பற்றி நன்றாகப் படியுங்கள் என்றாள்.

படித்தேன். கந்தோரில் முப்பது வருடமாகப் பிறர் எழுதிய அறிக்கைகளைப் படித்துக் கொட்டாவி விட்டவன், ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையைக் கதைப்புத்தகம் போலப் படித்தேன் என்றால் நம்புவீர்களா?

பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. நானாட்டானில் வயல் வாங்கப் போகிறவர் என்ன பார்ப்பார்? குளத்துத் தண்ணீர் வந்து சேருமா, போகத்துக்கு எவ்வளவு விளையும், காணி உறுதியில் அடகு ஏதும் இருக்கிறதா... அவ்வளவும்தான். கம்பனி எதை விற்கிறது, அந்த விற்பனை வருடத்துக்கு வருடம் கூடுகிறதா, விற்றதில் செலவு போக என்ன மிஞ்சுகிறது, கடன் எவ்வளவு. பிறகு விலை. வருடத்தில் ஒரு பங்குக்கு வருகிற லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஊரெல்லாம் புகழ்கிற கம்பனி என்றால் அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும். நல்ல வயல்தான், ஆனால் கேட்கிற விலைக்கு நம் ஆயுளில் போட்ட முதல் திரும்புமா? இதை யோசிக்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு கையைப் பிசைகிறார்கள். இருக்கிற காசு முழுவதையும் ஒரே கம்பனியில் கொட்டவும் கூடாது.

இவ்வளவும் மூளை செய்த வேலை. மனது செய்த வேலை வேறு.

மனைவி கண்மூடிய பிறகு இந்த வீட்டில் நான் ஒருவன்தான். ஜெனிற்றா கனடாவிலிருந்து போன் எடுப்பாள், பேசுவாள். ஆனால் எதைப் பேசுவது? சாப்பாட்டில் தொடங்கி, சுகத்தை விசாரித்து, இங்கே காற்றா அங்கே குளிரா என்று வந்தால் பேச்சு முடிந்துவிடும். அவளுடைய வேலை எனக்கு விளங்காது. என்னுடைய நாளில் சொல்ல ஒன்றும் இல்லை. போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பயம்.

அப்போதுதான் அந்தக் கம்பனியின் விலையைப் போனில் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தேன். பச்சை என்றால் ஏறியிருக்கிறது. சிவப்பு என்றால் இறங்கியிருக்கிறது. அவள் எடுக்காத நாட்களில் அதைப் பார்ப்பேன். பச்சை தெரிந்தால் பிள்ளைக்கு இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொள்வேன். சிவப்பு என்றால் பாவம், அலைச்சலாக இருக்கும். சொல்ல ஆள் இல்லாமல் ஒருநாள் வீட்டுக் கேட்டடியில் வந்து நின்ற தெருக் கழுதையிடம்கூட விலையைச் சொன்னேன். அது காதை ஆட்டியது.

காலையில் தேநீர் போட்டதும் ஜெனிற்றாவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. உங்கட கம்பனி இன்றைக்கு இவ்வளவு ஏறியிருக்கிறது பிள்ளை, சந்தோஷம் என்று. அவள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். எனக்கு அது போதும். கடைசியில் எங்கள் இருவருக்கும் கதைக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே. இனி ஒரு பங்கும் வாங்கிவிட்டால் நானும் அந்தக் கம்பனிக்குள் ஒரு கதிரையில் அவள் பக்கத்தில் இருப்பதுபோல... இதுதான் அந்த ஆசை. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

போன கிழமை ஒரு காலை விலை ஒரேயடியாகப் பாய்ந்திருந்தது. இவ்வளவு பச்சையை நான் கண்டதே இல்லை. ஏன் என்று செய்தியைத் தேடினால், கம்பனி தன்னை மறுசீரமைத்துச் செலவைக் குறைத்திருக்கிறது, முதலீட்டாளர்கள் வரவேற்றிருக்கிறார்கள் என்று இருந்தது. செலவு குறைந்தால் மிச்சம் கூடும். படித்தவன் அல்லவா! குரல்பதிவு போதாது என்று நேரே எடுத்தேன். அங்கே அவளுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். எடுத்த எடுப்பிலேயே வாழ்த்துச் சொன்னேன். மறுசீரமைப்பு மிகவும் நல்ல முடிவு என்று என் கருத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள் ஜெனிற்றா. "தாழ்வுபாட்டில ஒராளுக்கு வழமையை விடப் பங்கு கூடக் கிடைச்சா வீட்டில என்ன கேப்பினம்?"

இது எந்தப் பிள்ளைக்கும் தெரிந்தது. "மீன் கூடினதோ, ஆள் குறைஞ்சதோ எண்டு கேப்பினம்."

"ஆள் குறைஞ்சது அப்பா. அதில நானும் ஒராள்."

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வள்ளத்தில் வந்த மீனை விற்று, எண்ணெய்ச் செலவும் வள்ளக்காரரின் பங்கும் போக மிச்சத்தைப் போன ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். ஐந்து பேர் போக வேண்டிய வள்ளத்தில் நான்கு பேர் போனால் அந்த நான்கு பேருக்கும் பங்கு கூடும். ஆகவே காசு கூடக் கொண்டுவந்தால் வீட்டில் உடனே சிரிக்க மாட்டார்கள். ஆருக்கு என்ன, ஏன் வரவில்லை என்றுதான் கேட்பார்கள். நான் பிறந்து வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். ஆண்டறிக்கையை வரி வரியாகப் படித்த எனக்கு இந்த ஒரு கேள்வி வரவில்லை.

வேலை போய் இரண்டு கிழமையாம். செய்தி வெளியே வருவதற்கு முன்பே அவளுடைய பகுதியைக் கலைத்துவிட்டார்களாம். காலையில் கம்பியூட்டரைத் திறந்தால் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் விடைகொடுப்பு. அன்றிலிருந்து அறைக்குள் தனியே இருந்து வேலை தேடுகிறாள். குறித்த காலத்துக்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் சிக்கல்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்பிடியப்பா சொல்லுறது? ஒவ்வொரு நாளும் நீங்கள் அவ்வளவு சந்தோஷமா விலை சொல்லுறீங்கள். நீங்கள் சிரிக்கிற சத்தம் எனக்கு அது ஒண்டிலதான் கேக்குது."

நான் சிரிப்பதற்காக அவள் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறாள். அவள் எனக்குக் கிடைத்துவிட்டாள் என்று நான் சிரித்திருக்கிறேன். இரண்டு பேரும் இரண்டு கரையில், ஆளுக்கொரு பச்சை விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு...

வீட்டுக்கு வா பிள்ளை என்றேன். வேறு என்ன சொல்ல வரும்?

"வந்து என்னப்பா செய்யிறது?"

மன்னாரில் அவள் படித்த படிப்புக்கு என்ன இருக்கிறது? அப்பா இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு வேலை இல்லையே.

போனை வைக்கப்போகும்போது அவளே கேட்டாள், நான் முன்பு சொல்லியிருந்த வங்கிக் கணக்கு என்னவாயிற்று என்று. வரும் என்றேன். "வந்தால் வாங்குங்கோ அப்பா. கோபத்தில விடாதேங்கோ. நான் இல்லையெண்டாலும் அது நல்ல கம்பனி. கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள். தன்னை வெளியே விட்ட இடத்துக்கு அவள் கொடுத்த நற்சான்று அது. அவளுடைய அம்மாவும் இப்படித்தான், யாரையும் குறை சொல்ல மாட்டாள்.

இப்போது ஒவ்வொரு நாளும் எடுக்கிறாள். கதைக்க விஷயம் இல்லை. விலை இனி எங்கள் பேச்சில் வராது. அவள் போனைத் துண்டிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமைப்பாள். தண்ணீர் ஓடுகிற சத்தம், கரண்டிச் சத்தம் கேட்கும். நானும் இங்கே தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். முன்னைவிடத் தனிமை குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது இரண்டு பேருக்கும் அது தெரியும், அவ்வளவுதான்.

நேற்று வங்கிப் பிள்ளை எடுத்தாள். கணக்கு திறந்தாயிற்று, இனி வாங்கலாம் என்றாள். கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவளுக்குக் குழப்பம். விலை இன்னும் ஏறுகிறதே, நீங்கள்தானே அவ்வளவு ஆசையாக இருந்தீர்கள் என்றாள். "நல்ல கம்பனி எண்டு நீங்கள்தானே ஐயா எனக்கே படிப்பிச்சனீங்கள்? இப்ப ஏன் யோசிக்கிறீங்கள்?"

"கம்பனி நல்ல கம்பனிதான் தங்கச்சி. அங்க இப்ப எனக்கு ஆள் இல்லை."