சித்தியின் கணுக்கால்

எந்த நேரத்தில் பிறப்பது என்று பிறக்கப்போகும் குழந்தையைத் தவிர மற்ற எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்ததை எங்கள் ஆதம்பாக்கம் வீட்டில்தான் பார்த்தேன். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் தங்கை, என் சித்தி, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெற்றவர்கள் இல்லாததால் அவளுக்குத் தாய்வீடு எங்கள் வீடுதான்.

சித்தி வாழ்க்கைப்பட்ட குடும்பம் தி.நகரில் துணிக்கடை வைத்திருந்தது. கடை ஷட்டரைத் தூக்கவே நேரம் பார்க்கிறவர்கள், வாரிசு விஷயத்தில் சும்மா இருப்பார்களா? சித்தியின் மாமியார் ஜோசியரிடம் போய் அனுஷ நட்சத்திரம், காலை பத்தரைக்குள் என்று குறித்து வாங்கி வந்துவிட்டார். அதற்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போனால் அடுத்தது கேட்டை, அதுவும் ஆகாது; அதையும் தாண்டினால் மூலம் வந்துவிடும். பிறப்பது பெண்ணாக இருந்துவிட்டால்? பெண் மூலம் நிர்மூலம் என்று பயம். டாக்டரம்மா என்னவோ, தலை இறங்கிவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது, காத்திருக்கலாம் என்றுதான் சொன்னார். நீங்களாகக் கேட்டால் செய்து தருகிறேன் என்றும் சொல்லி வைத்தார். கேட்டுவிட்டார்கள். சித்தியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"வலி வந்து நானே பெத்துக்கறேன். இவங்க நெனச்ச நேரத்துக்கு எறக்க, இது என்ன பரண்மேல இருக்கற பாத்திரமா?" என்று சித்தி அம்மாவிடம் கத்தினாள். தலைப்பிரசவம், பயத்தில் பேசுகிறாள் என்று தி.நகரில் எடுத்துக்கொண்டார்கள்.

குறித்த நாளுக்கு முன்னால் வலியை வரவழைத்துவிடுவது என்று சித்தி கங்கணம் கட்டிக்கொண்டாள். அடையாறில் கர்ப்பிணிகளுக்கு நடந்த ஒரு வகுப்பில், மாதம் நிறைந்த பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று வலி வரச் சில அமுக்கு முறைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மாவும் சரி என்றார். இடுப்பின் பின்பக்கம் எண்ணெய் தடவி நீவுவது அம்மா. கால் என் பொறுப்பு. உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கு மேலே நான்கு விரல் அளந்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து விட வேண்டும்.

நான் என் விரலால் அளந்தேன். அளக்க வேண்டியது காலுக்குச் சொந்தக்காரியின் விரல் என்பது, நானே வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது. என் நான்கு விரல் சித்தியின் மூன்று விரலுக்குக்கூடத் தேறியிருக்காது. ஆக நான் அமுக்கியதெல்லாம் வெறும் கால். அது தெரியாமல், பள்ளிவிட்டு வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் சித்தியின் காலடியில் உட்கார்ந்துவிடுவேன்.

வலி வரவில்லை. அனுஷம் வந்துவிட்டது.

விடிந்ததும் வாசலில் கார் நின்றது. மாமியார் மல்லிகைப்பூவும் குழந்தையை வாங்கப் பட்டுத்துணியுமாக மேலே ஏறி வந்தார். கூடவே சித்தப்பா, செல்போனைப் பார்த்தபடி. சித்தி குளித்துவிட்டு நைட்டியோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலை நீட்டினாள்.

"வாடி, அமுக்கு."

"கார்ல போகும்போது அமுக்கிக்கலாம்மா," என்றார் மாமியார்.

"இருங்கத்தை. ஆரம்பிச்சுட்டுப் பாதியில எழுந்தா குழந்தைக்கு ஆகாதாம்."

அப்படி ஒன்றை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் 'ஆகாது' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்த மாமியார் வாயை மூடிக்கொண்டார். நான் உயிரைக் கொடுத்து அமுக்கினேன். வலது கால் முடிந்தது என்று நிமிர்ந்தால் இடது கால் வந்தது. அது முடிந்ததும் கை. பிறகு மறுபடியும் வலது கால். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போன அம்மா திரும்பவேயில்லை. சம்பந்தி வீட்டுக்குப் பயந்த அப்பா, பால்கனியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

டிரைவர் மேலே வந்தார். "கத்திப்பாராண்ட செம டிராபிக் கீதும்மா. இப்ப வண்டிய எட்தாதான் தேனாம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியும்."

"கெளம்பேன்," என்றார் சித்தப்பா மெதுவாக.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் சித்தி. அவர் மறுபடியும் செல்போனைப் பார்த்தார். சித்தி என்னிடம் திரும்பி, "நீ ஏன்டி நிறுத்திட்ட?" என்றாள்.

கை மரத்துப்போய் எனக்கு அழுகை முட்டியபோது மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "போச்சு. நேரம் போச்சு. இனிமே மூலந்தான். நிர்மூலந்தான்."

"வரட்டும் அத்தை. பாத்துக்கலாம்." சித்தி காலை இழுத்துக்கொண்டாள். "போதும்டி செல்லம். கை வலிக்குதா?"

குளியலறைக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அவ்வளவு நேரம் அமுக்கியும் வலி வரவில்லையே என்ற அவமானம்.

கேட்டை கழிந்து, மூலத்தில், வலி தானாக வந்து சுகப்பிரசவம் ஆயிற்று. பெண்தான். நிர்மூலமாகியிருக்க வேண்டிய துணிக்கடை பிற்பாடு இன்னொரு மாடி கட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப்போனார்கள். குழந்தையைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. "நான் அமுக்கினது வேலையே செய்யல," என்றேன் சித்தியிடம்.

"யார் சொன்னா? நீ அமுக்கினதாலதான்டி எல்லாம்," என்றாள்.

சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.