நடுவில் காணாமல் போகும் பூ

வருகிறவர்களுக்குக் காகிதத் துண்டில் சென்ட் தெளித்துக் கொடுக்கிற வழக்கமே அவளிடம் கிடையாது. "காகிதமா பூசிக்கப் போகுது?" என்று தன் மணிக்கட்டில் தெளித்து, வருகிறவர் மூக்குக்கு நேராக நீட்டிவிடுவாள். என் தங்கை மகள்தான். அவள் வேலை பார்க்கிற சென்ட் கடையில் அவளுக்கு மூக்கி என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவாள்.

வாசலை ஒட்டிய கண்ணாடி மேசை அவளுடைய இடம். மல்லிகை, சந்தனம், ரோஜா எல்லாம் அவள் கையை மோந்து பார்த்துத்தான் ஜனங்கள் வாங்கிப்போனார்கள். ஆரஞ்சுப் பூ சென்ட் வந்ததும் அவளுக்குச் சனியன் பிடித்தது.

அந்தச் சென்ட்டின் குணம் அப்படி. தெளித்ததும் பச்சை இலையைக் கிள்ளிய கசப்பு. கொஞ்சம் பொறுத்தால் வெள்ளைப் பூ விரியும், கூடவே தேன் மாதிரி ஒரு தித்திப்பு. அது அடங்கின பிறகு துவைத்துக் காயவைத்த துணியின் சுத்தம் மட்டும் மிஞ்சும். மூக்கியின் கையில் இலை போனால் அடுத்தது துணிதான். நடுவில் பூவைக் காணோம். "சோப்பு வாசனை வருதே" என்று ஒரு அம்மாள் பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தம்பி பெண்டாட்டியும் அதே கடையில் பின்னறையில் பெட்டி ஒட்டுகிறாள். சேர்த்துவிட்டதே மூக்கிதான். அந்தப் பெண் ஒருநாள் விளையாட்டாகத் தெளித்துக்கொண்டது. சாயங்காலம் வரை கையில் பூ பூத்தபடியே இருந்தது. முதலாளி மோந்து பார்த்தார். "இது யாரு கையில நிக்குதோ அவங்க முன்னால நிக்கட்டும். மத்தவங்க பெட்டி ஒட்டட்டும். சனிக்கிழமை வர்றவங்க ரெண்டு பேர் கையையும் மோந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அதோடு மூக்கிக்குச் சோறு இறங்கவில்லை. பூ கையில் நிற்கட்டும் என்று வெங்காயத்தை விட்டாள். சோப்பை விட்டாள். எண்ணெய் தடவினாள், அதன்மேல் சென்ட் வழுக்கிக்கொண்டு போனது.

"அவளுக்கு என்ன பெரியம்மா, வேர்த்தாலும் மணக்குறா. குழம்பக் கருக விட்டுட்டு வந்து நிக்குறா, என் தம்பி வீடே மணக்குதுங்கறான்."

"உன் உடம்பு எங்க அப்பா வழிடி. என் அத்தைங்க, உங்கம்மா, நான், எல்லாருக்கும் இதே தோலுதான். காலையில தடவின எண்ணெய மத்தியானத்துக்குள்ள குடிச்சிரும்."

"அந்த வழியில சொத்துதான் வரல. தோலாவது நல்லதா குடுத்திருக்கலாம்ல?"

அந்தப் பெண் வெள்ளந்தி. "அண்ணி, இன்னிக்கு உங்க கையில நல்லாத்தான் இருக்கு" என்று தினமும் சொல்லும். மூக்கிக்கு அதுதான் பற்றி எரிந்தது. "திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன். பாவம் பாக்குறா பாருங்க."

சனிக்கிழமை நானும் கடையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் காலையிலேயே தெளித்துவிட்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு டீச்சரம்மா வந்து ஆரஞ்சுப் பூ கேட்டார். மூக்கியின் கையை மோந்து, மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தப் பெண்ணின் கையை மோந்தவர் முகத்தை எடுக்கவே இல்லை.

"இதுதான். இதையே குடுங்க."

முதலாளி தொண்டையைச் செருமினார். அந்தப் பெண் அவசரமாக, "நான் பின்னாலயே இருக்கேன் அண்ணி" என்றது.

"யாரும் என்னை அனுப்ப வேணாம். நானே போறேன்" என்றாள் மூக்கி. அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்து மேசைக்குப் பின்னால் நிறுத்தினாள். "கூன் போடாத. தெளிச்சதுமே கைய நீட்டாத, அந்தக் கசப்பு போகட்டும். அப்புறம் நீட்டு."

நான் எழுந்து மூக்கிக்குப் பின்னாலேயே பின்னறைக்குப் போனேன். அதற்குள் ஒரு பெட்டியை மடித்து, ஒட்டுகிற நாடாவை அதன்மேல் இழுத்துவிட்டிருந்தாள். முன்னால் யாரோ, "ஆகா, என்ன வாசனை" என்றார்கள். கத்தரிக்கோல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. மூக்கி நாடாவைப் பல்லில் வைத்துக் கடித்து அறுத்தாள்.