பலாப்பழ வாசனைக் கூடாரம்

கடைக்காரன் சொன்ன விலைக்கே ஒரு பொருளை வாங்கிவிட்டால் என் மாமாவுக்கு அன்று சோறு இறங்காது. அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை அவர் ஓட்டினார். அம்மாவும் அதில்தான் களையெடுக்கப் போய்வந்தாள்.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடையில் பள்ளிக்கூடத்தில் மலைமுகாம் என்றார்கள். இரண்டு பேருக்கு ஒரு கூடாரம், ஆளுக்கொரு தூங்கும் பை. கொண்டுவராதவர்களின் பெயரை அடித்துவிடுவார்களாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். முகாமுக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தேன்.

அம்மாவுக்கு விஷயமே பிடிபடவில்லை. "கூலியும் இல்லாம எதுக்குடி மலையில போயிப் படுக்கணும்?"

மதுரைக் கடை விலையைச் சொன்னதும் மாமா சிரித்தார். "மேல டூரிஸ்ட்டுக தங்குற எடத்தையெல்லாம் மழைக்கு முன்னாடி மூடிருவான் ஆத்தா. அப்ப டென்ட்டைத் தள்ளிவிட ஆள் தேடுவான். கடையில போயி வாங்குறவன் கிறுக்கன்."

சொன்னபடியே ஒரு நாள் பச்சைக் கூடாரமும் தூங்கும் பைகளும் வந்து இறங்கின. கிழிசல் இல்லை, கம்பிகள் வளையவில்லை. வரும் வழியில் கோடைமழை பிடித்துக்கொள்ள, ஜீப்பில் இருந்த பலாப்பழ லோடின் மேல் மாமா அந்தக் கூடாரத்தையே விரித்துப் போர்த்தியிருந்தார். பழம் நசுங்கி, சாறு துணியெல்லாம் ஊறியிருந்தது. அம்மா இரண்டு முறை சோப்புப் போட்டு அலசினாள்.

"இன்னும் பழ வாடை போகலையே, அண்ணே."

"வாசனைக்குன்னு தனியாவா காசு கேட்டான்? அது இனாம், வச்சுக்க."

அம்மா வேலை பார்த்த தோட்டத்தின் மேல்விளிம்பில், பம்பு அறைக்குப் பக்கத்துப் புல்வெளியில் முகாம். வரிசையாக நின்ற கூடாரங்களில் என்னுடையதுதான் பளிச்சென்று இருந்தது. மாமாவின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓயவில்லை.

விடிந்ததும் என்னோடு படுத்திருந்த தோழி, பல் விளக்க வரச் சொல்லி என் காலைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் பம்பு அறைக் குழாயடிக்குப் போனோம். வாயில் நுரையோடு திரும்பிப் பார்த்தேன். புல்வெளியில் யானை நின்றது.

மற்ற கூடாரங்களை அது பொருட்படுத்தவே இல்லை. நேராக என்னுடையதிடம் வந்தது. சேலைக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பவளைப் போல் தும்பிக்கையால் மேலும் கீழும் தடவியது. பிறகு ஒரு காலைத் தூக்கி, கொஞ்சமும் அவசரப்படாமல் மேலே வைத்தது. கம்பிகள் முறிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. என் தூங்கும் பையை வெளியே இழுத்து, உதறி, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. சற்று முன்புவரை அதற்குள் நான் படுத்திருந்தேன்.

யாரும் கத்தவில்லை. டீச்சர் பிரஷ்ஷைக் கடித்தபடியே எங்களைப் பம்பு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தபோது புல்வெளி காலியாக இருந்தது.

எங்களைக் கூட்டிப்போக மாமாவின் ஜீப்தான் வந்தது. மிதிபட்டுக் கிடந்த துணியைக் கையில் எடுத்தார், முகர்ந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் என் தலையையும் தோளையும் தடவிப் பார்த்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று காத்திருந்தேன்.

"எந்தப் பக்கமாப் போச்சு?" என்றாள்.

"தெரியல."

"பம்பு ரூமுக்கு மேலயா, கீழயா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்துப் பொழைச்சு வந்திருக்கேன், ஒனக்கு அது போன வழிதான் பெருசா?"

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

மறுநாள் விடியும்போது ஹாரன் கேட்டது. அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு கணம் நின்று மலையைப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் யானைக் கதையைக் கேட்க என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கதையின் முடிவில் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு முறையும் சொன்னேன்: "எங்கம்மாவுக்கு யானைன்னா பயமே கெடையாது."