ஜன்னல் பக்கமும் வாசல் பக்கமும்

தொண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கேள்வி கேட்டால் முன்பெஞ்சு மூன்று பேர்தான் வாயைத் திறப்பார்கள். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். கச்சிராயபாளையம் பக்கம் பிளஸ் ஒன்னுக்குத் தமிழ் எடுத்தபோது நான் ஒரு வழி கண்டேன். போர்டில் ஒரு கருத்தை எழுதுவேன். ஒப்புக்கொள்கிறவர்கள் ஜன்னல் பக்கம், மறுக்கிறவர்கள் வாசல் பக்கம். போய் நின்றபின் ஏன் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள்

‘நெல் போடுகிறவனைவிடக் கரும்பு போடுகிறவனே புத்திசாலி’ என்று எழுதினேன். வருஷம் முழுக்க வாய் திறக்காதவர்கள்கூட பெஞ்சைத் தாண்டிக் குதித்துச் சண்டை போட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் மட்டும் நடுவில் நின்று கேட்டான்: “எங்க ஊர்ல சாமைதான் சார், நான் எந்தப் பக்கம் போறது?”

மறியலுக்குப் பிறகு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஒரு வாரம் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. காலனியில் சில குடிசைகள் எரிந்தன. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. பேசவைத்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ‘சாலையை மறித்தால்தான் சர்க்காருக்குக் காது கேட்கும்’ என்று எழுதினேன்.

யாரும் அதைப் படித்த மாதிரியே தெரியவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் பக்கம் போனார்கள்; காலனிப் பிள்ளைகள் எல்லாரும் வாசல் பக்கம். தனலட்சுமி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஊர்ப் பெண். மறியலில் முன்னால் நின்றவர் அவள் அப்பா. கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் போய்க் காலனிப் பெண்களோடு நின்றாள். வகுப்பே அவளைப் பார்த்தது. ஏன் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“எங்க அக்காவுக்கு வலி எடுத்துச்சு சார். வண்டில இட்டுக்கினு போனோம். வடக்கனந்தல் தாண்டி ரோட்ல மரம் கெடந்துச்சு. அங்கியே செத்துட்டா.”

டி.சி.

மறுநாள் அவள் அப்பா டி.சி. கேட்டு வந்தார். அடிப்பார் என்றே பயந்தேன். தலைமையாசிரியர் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. “நல்லாப் படிக்கிற பொண்ணுங்க, இன்னும் ஒரு வருஷந்தான்” என்று கெஞ்சினேன். ஊரில் தலை காட்ட முடியவில்லை என்று மட்டும் சொன்னார். அவள் காலனிப் பக்கம் நின்றதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

டி.சி.யை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பெரியவ செத்ததுலருந்து இவ வூட்ல எங்கிட்ட ஒரு வார்த்த பேசல சார். உங்க கிளாஸ்லதான் பேசியிருக்கா.”

பஸ் ஸ்டாண்டில்

நாலைந்து வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளே வந்து பேசினாள். இடுப்பில் குழந்தை. நான் இன்னும் போர்டில் எழுதிப் பிள்ளைகளைப் பேசவைக்கிறேனா என்று கேட்டாள். “இல்லம்மா, அன்னிக்கோட விட்டுட்டேன்” என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

“ஏன் சார் வுட்டீங்க? என்னை ஏன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தானே சார்.”

ரிட்டையராகும்வரை நோட்ஸ் சொல்லி எழுதவைத்தே காலத்தை ஓட்டினேன். வகுப்பை அமைதியாக வைத்திருப்பவர் என்று எனக்கு நல்ல பேர்.