ஆயிஷாம்மா வீட்டு உப்பும் செல்வியின் கம்ப்யூட்டரும்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் மலையிறங்கிப் போய்விட்டார்கள். கடைக்குட்டி செல்வி மட்டும் தன் மகள் யாழினியோடு என்னிடம் இருக்கிறாள். இன்று விடியற்காலையும் கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சுக்குக் காப்பி வைத்துவிட்டேன். குடிக்க நான் ஒருத்திதான். மிளகு தட்டிப் போட்ட வாசனை மூக்கில் ஏறியதும் போன மழைக்காலம் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

செல்விக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அன்றன்று ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியவர்களின் போனுக்குக் காலையில் பெயர் சொல்லி ஒரு சேதி போகவேண்டும். அதற்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அவள் உட்கார்ந்து தட்டினால் ஒழுங்காகப் போகும். ஐந்து மணிக்கு நீயாகவே ஓடு என்று நேரம் குறித்துவிட்டால் ஒருவருக்கும் போகாது. மாதக் கடைசிக்குள் அது தானாக ஓடவில்லையென்றால் மலையில் இருந்தது போதும், சென்னைக்கு வந்து உட்காருங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவள் போனால் யாழினியும் போவாள். அப்புறம் இந்த வீட்டில் எனக்கும் கோழிகளுக்கும்தான் பேச்சு.

அதுவரை சேதி நிற்கக்கூடாதே. ஐந்து மணிக்கு முன்பே எழுந்து தன் கையாலேயே ஓட்டினாள். நானும் எழுந்து அடுப்பு ஊதினேன். எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

"டவர் இல்லையோ, கண்ணு?"

"டவர் இருக்குதும்மா. நான் தட்டுனாப் போகுதே. அதே புரோகிராம், அதே மிஷின்."

"அப்ப ஆளு பக்கத்துல நின்னாத்தான் வேலை செய்யுமாட்ட இருக்குது. உங்கப்பனாட்டமே."

சிரித்தாள். யாழினியின் அப்பா இறந்த பிறகு பகலெல்லாம் வாய் திறக்காதவள், அந்த நேரத்தில் மட்டும் காப்பியை ஊதி ஊதிப் பேசினாள். அவரைப் பற்றிப் பேசினாள். செம்மேட்டுச் சந்தையில் அவர் பலாப்பழம் வாங்கி ஏமாந்ததைக்கூடச் சொன்னாள்.

பிறகு ஒரு யோசனை செய்தாள். ஓடும்போதெல்லாம் தான் எங்கே நிற்கிறது, கையில் என்ன இருக்கிறது என்று அந்தப் புரோகிராமையே எழுதிவைக்கச் சொன்னாள். தான் ஓட்டியதையும் அதுவாக ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, கெடைச்சிருச்சு. நான் பேரெல்லாம் இருக்கற எடத்துலயே நின்னு ஓட்டியிருக்கறேன். அது தானா எந்திரிச்சா வேற எடத்துல நிக்குது. பேரு எங்க இருக்குதுன்னு அதுக்கு நான் சொல்லவே இல்ல."

எனக்குச் சேந்தமங்கலம் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் அங்கே மிளகு வியாபாரி பாய் வீட்டில் சமையலுக்கு நின்றேன். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சுவது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, தெருவே கேட்டு வாங்கும். ஒருநாள் பாயின் சம்சாரம் ஆயிஷாம்மா, தங்கைக்குக் குழந்தை பிறந்ததென்று நாமக்கல் போய்விட்டார். நான் எப்போதும்போலக் காய்ச்சினேன். நோன்பு இருப்பவர்கள் வாயில் வைக்கமாட்டார்கள். அவர்கள் பட்டினி இருக்கும்போது நான் ருசி பார்ப்பதும் மரியாதையில்லை. சாயங்காலம் நோன்பு திறந்து முதல் வாய் குடித்த பாய் கிண்ணத்தையே கொஞ்சநேரம் பார்த்தார்.

"கஞ்சி நல்லாத்தான் இருக்குது, புள்ள. உப்புதான் ஆயிஷாகூட நாமக்கல் போயிருச்சாட்ட இருக்குது."

அத்தனை நாளும் நான் கிளறிக்கொண்டிருக்கையில் உப்பை அள்ளிப் போட்டது ஆயிஷாம்மாவின் கை. அது என் கண்ணில் பட்டதே இல்லை.

சொன்னதும் செல்வி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெயர்கள் இருக்கும் இடத்தை முழு விலாசமாக எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அது தானாக ஓடியது. சென்னைப் பேச்சும் நின்றது.

சந்தோஷம்தான். இப்போது ஐந்து மணிக்குச் சேதி அதுபாட்டுக்குப் போகிறது, செல்வி தூங்குகிறாள். பாவம், தூங்கட்டும். எழுந்ததும் ஓட்டம். பேச்செல்லாம் சாப்பிட்டாயா, மழை வருமா என்பதோடு சரி. மகளை வீட்டில் வைத்துக்கொண்டேன். அந்த விடியற்காலைகள்தான் கையில் நிற்கவில்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் யாழினி எழுந்துவிட்டாள்.

"இங்க வா சாமி. எழுத்து கோணலாத்தான் இருக்கும், இதைப் படிச்சுக் காட்டு."

"மெதுவாப் படிக்கறேன் அம்மாயி, அம்மா தூங்குது."

"சத்தமாவே படி. எந்திரிச்சா எந்திரிக்கட்டும். காப்பி இன்னும் ஒரு தம்ளர் இருக்குது."