சிரட்டைக்குக் கீழே ஐந்து புள்ளி

எங்கள் அலுவலகத்தில் கைபேசி விளையாட்டுகள் செய்கிறோம். யாராவது புதிய யோசனையோடு வந்தால் உடனே கணினியைத் திறக்க விடமாட்டேன். முதலில் கடதாசியில் வெட்டிக்கொண்டு வா, அதை ஒரு பிள்ளையிடம் கொடு, கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார் என்பேன். இதற்கென்று நான் ஏதோ பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்திருப்பதாக அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். நானும் மறுப்பதில்லை. படித்த இடம் வவுணதீவுப் பக்கம், எங்கள் வீட்டு முற்றம். சொன்ன விதியை அப்படியே நம்பி விளையாடிய பிள்ளை நான். அதனால் சாகப் பார்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. சண்டைக்குத் தப்பி வாவிக்கு அந்தப் பக்கம் முகாமில் இருந்துவிட்டு நாங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தோம். வீட்டுக்குப் பாதிச் சுவர்தான் மிஞ்சியிருந்தது. ஊர் எல்லையில் இருந்த வயல் வட்டைகளில் சிலவற்றில் விதைக்க முடியாது. வயலைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு வரைந்த பலகை நட்டிருந்தார்கள். அங்கே மிதிவெடி இருக்கிறது, போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் சின்னம்மாவுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிப் பேசுவார். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒரு ஊரில் முன்வரிசைப் பிள்ளை நித்திரையாகிப் பக்கத்துப் பிள்ளையின் மடியில் சாய்ந்துவிட்டதாம். அன்று வந்து அம்மாவிடம் அழுதார். படம் வேண்டாம், ஒரு விளையாட்டுச் செய்து தருகிறேன் என்று அலுவலகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். சரிவந்தால் அதை அச்சடித்து, வாவிக்கு எங்கள் பக்கமான படுவான்கரையின் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். சரிவராவிட்டால் வேலை நிலைக்காது என்று அம்மா பயந்தார். சனிக்கிழமை விடியவே சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் சின்னம்மா. கூலி கேட்காமல் விளையாடித் தர ஆள் இருந்த வீடு அதுதான். நான், அண்ணன், மாமாவின் பெண்கள் இரண்டு பேர்.

எதையும் கடையில் வாங்கவில்லை. தடியால் முற்றத்தில் கட்டம் கட்டமாகக் கீறினார். கட்டத்துக்கொரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தார். சில சிரட்டைகளுக்குக் கீழே கரித்துண்டு இருக்கும், அதுதான் மிதிவெடி. புளியங்கொட்டையைப் போட்டு, விழுந்த எண்ணுக்கு நடந்து போய், அந்தக் கட்டத்துச் சிரட்டையைத் தூக்க வேண்டும். கரி இருந்தால் ஆட்டம் இழந்து முருங்கையடியில் உட்கார வேண்டும். விளையாட்டைத் தொடக்கிவிட்டுச் சின்னம்மா ஒரு பக்கமாகக் குந்திக்கொண்டார். நாங்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லவில்லை. அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களா என்று விசாரித்தார்.

முதல் சிரட்டையிலேயே அண்ணன் ஆட்டம் இழந்தான். முருங்கையடியில் உட்காராமல் நேரே குளத்துக்குத் தூண்டிலோடு போய்விட்டான். அதைப் பார்த்த மச்சாள்மாரும் சீக்கிரமாக ஆட்டம் இழக்க வழி தேடினார்கள். சின்னம்மா அந்த விதியை அழித்தார். கரி வந்தவர் வெடித்தது போலச் சத்தம் போட்டு விழ வேண்டும் என்று மாற்றினார். அதன்பிறகு எல்லோருக்கும் கரிதான் வேண்டும். என்னைப் போல உருண்டு புரண்டு சாக அங்கே வேறு ஆள் இல்லை. அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, அந்தச் சத்தம் இந்த வளவுக்குள் வேண்டாம் என்றார். அவருடைய குரல் நடுங்கியது. பிள்ளைகள் வாயால் போடும் சத்தத்துக்கு ஒரு பெரிய மனுசி ஏன் நடுங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

பின்னேரம் மூன்றாவது விதி வந்தது. எந்தச் சிரட்டைக்குக் கீழே மிதிவெடி இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்னால் ஐந்து புள்ளி. அவ்வளவுதான், முற்றம் அடங்கிவிட்டது. ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஓடவில்லை. குனிந்து பார்த்து, யோசித்து விளையாடினோம். அன்று முதல் தடவையாகச் சின்னம்மா சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கடதாசி மட்டையில் கட்டங்களைப் பிரதி எடுக்கத் தொடங்கினார். குளத்திலிருந்து திரும்பி வந்த அண்ணன் வென்றான். நான் வழக்கம் போலக் கடைசி. அவன் இரவுச் சோறு தின்னும்வரை அதையே சொல்லிச் சிரித்தான்.

உண்மையான மிதிவெடி ஒன்றைக் கண்டுபிடித்தால் யாரும் என்னைக் கடைசி என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாருக்கும் சொல்லாமல் ஊர் எல்லைக்குப் போனேன். பலகையில் இருந்த மண்டையோட்டைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கரி உள்ள இடம்தானே பயமான இடம், புள்ளியும் அங்கேதானே. நாடாவுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனேன்.

மழை பெய்து நிலம் இளகியிருந்தது. கொஞ்சத் தூரத்தில், சேற்றுக்கு மேலே வட்டமாக ஒரு விளிம்பு பச்சையாகத் தெரிந்தது. தொடவில்லை. கண்டுபிடித்துச் சொல்வதுதானே விதி. சாப்பிட என்னைக் காணாமல் தேடிக்கொண்டு அண்ணனும் சின்னம்மாவும் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் தூக்கி, கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினேன்.

சைக்கிள் விழுந்தது. நாடா வரைக்கும் ஓடிவந்த சின்னம்மா, அதற்கு மேல் ஒரு அடி வைக்காமல் நின்றார். அண்ணனிடம் ஏதோ சொன்னார். மிதிவெடி அகற்றுகிறவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துப் பக்கம் அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தான். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, தாலாட்டும் குரலில் பேசினார்.

"மகள், இது புது விளையாட்டு. இப்ப நீ சிலை. நான் சொல்லும்வரைக்கும் கால எடுக்கக்கூடா."

சரி என்றேன். வெயில் தலையில் ஏறியது. என் கெண்டைக்காலில் ஒரு அட்டை ஊர்ந்து முழங்காலுக்குக் கீழே கடித்துப் பிடித்துக்கொண்டது. எனக்கு அட்டை என்றால் உயிர் போகும். என் கை தானாகக் கீழே இறங்கியது.

"குனியாத புள்ள. குனிஞ்சா தோத்துப்போவாய்."

நான் தோற்க விரும்பவில்லை. அட்டை குடித்து முடித்துத் தானாக விழும்வரை அழுதுகொண்டே நின்றேன். சின்னம்மா நாடாக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் பேசியபடியே இருந்தார். வகுப்பில் யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த ரீச்சர் அடிப்பார் என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பெரிய விசயம் நடந்திருக்கிறது, புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தலைக்கவசம் போட்ட ஒருவர் வந்தார். கருவியால் நிலத்தைத் தடவித் தடவி, கடந்த இடத்தில் வெள்ளைக் கயிறு போட்டுக்கொண்டு, முழங்காலில் நகர்ந்து என்னிடம் வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. என்னைத் தூக்கும்போது அவருடைய சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது. நாடாவுக்கு வெளியே விட்டதும் சின்னம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அடிக்கவுமில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மகள் உள்ளுக்குப் போனாய்?"

"கண்டுபிடிச்சாத்தானே அஞ்சு புள்ளி? நீங்கதானே சொன்னீங்க."

"ஓம்" என்றார். "நான்தான் சொன்னன்."

வீட்டில் அம்மா ஈர்க்குக் கட்டோடு நின்றார். சின்னம்மா குறுக்கே வந்து, அடியாதீங்க அக்கா, இது என்ட பிழை என்றார். வரைந்த மட்டையை அடுப்பில் வைத்தார். அது பிடித்து எரியும்வரை அங்கேயே நின்றார்.

திங்கட்கிழமை அவர் அலுவலகம் போகவில்லை. விளையாட்டு இன்னும் சரிவரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, முற்றத்தைக் கூட்டி, நடுவே வீட்டுக்கொரு பாதை விட்டுப் புதிதாகக் கீறினார். இனிமேல் சிரட்டையைத் தொட்டாலே புள்ளி போகும். தேடப் போகக்கூடாது. பாதையை விட்டு விலகாமல் வீடு வந்து சேர்ந்தவர்தான் வென்றவர். உண்மையான ஒன்றையே கண்டுபிடித்த எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை. கிணற்றடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னம்மா வந்து, நீதான் முதல் விளையாட வேணும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

நடந்தேன். அவர் கட்டங்களைப் பார்க்கவில்லை, சிரட்டைகளையும் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என் கால்களையே பார்த்தபடி குந்தியிருந்தார். ஒவ்வொரு முறை நான் காலைத் தூக்கும்போதும் அவருடைய மூச்சு நின்றது. நான் கள்ளம் செய்துவிடுவேன் என்றுதான் இப்படிக் காவல் இருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவருக்குக் காட்ட வேண்டுமென்றே, வீடுவரைக்கும் ஒவ்வொரு அடியையும் நிலம் அதிர ஓங்கி ஓங்கி மிதித்தேன்.